புதுவை அன்னை: மறையாற்றலும் மனிதருள் உறையும் தெய்வமும்

புதுவை மணக்குள விநாயகர் கோயிலுக்கு அருகே, மரீன் வீதியில் உள்ள அரவிந்தர் ஆசிரமத்தின் முற்றத்தில், இயல்வாகை மரம் ஒன்றன் நிழலில், நாள்தோறும் மலர்களால் போர்த்தப்பெறும் வெண்சலவைக்கல் சமாதி ஒன்று உண்டு. அதன் கீழறையில் 1950 டிசம்பர் 9-ஆம் நாள் அரவிந்தரின் உடல் வைக்கப்பட்டது. மேலறையில் 1973 நவம்பர் 20-ஆம் நாள் மூதாட்டி ஒருவரின் உடல் வைக்கப்பட்டது. உலகம் ‘அன்னை’ என்றழைக்கும் அவ்வம்மையாரின் இயற்பெயர் மிர்ரா அல்பாசா. பிறந்த ஊர் பாரிசு. பிறந்த குலம் யூதர் குலம். கற்ற கலை ஓவியம். இளமையில் முறையாகப் பயின்ற வித்தை மறைஞானம்.

செஞ்சி, திண்டிவனம், வந்தவாசி வட்டங்களிலிருந்து கல்விக்காகவும் மருத்துவத்துக்காகவும் தொழிலுக்காகவும் புதுவைக்கு வந்த நம் குடும்பத்தார் பலர் ஒருமுறையேனும் அச்சமாதியின் முன் அமைதியாக நின்றிருப்பர். இவ்வம்மையார் யார், மனிதப் பிறவியா தெய்வமா என்னும் வினா அங்கு நிற்பவர் எவர்க்கும் எழும். அவ்வினா நமக்குப் புதியதன்று. உலகைப் படைத்தவன் ஒருவன் உளன் என்று கொள்ளாத நெறி நம்முடையது. நாம் வணங்கும் தீர்த்தங்கரர் இருபத்துநால்வரும் தாய் வயிற்றில் பிறந்து, வினை நீக்கி, தம் முயற்சியால் உயர்ந்தவர்கள். மனிதன் தெய்வமாதல் என்பதை அடிப்படையாகக் கொண்ட சமயத்தார்க்கு, அதே கருத்தை வேறொரு வழியில் பற்றிக்கொண்டு தொண்ணூற்றைந்து ஆண்டுகள் வாழ்ந்த ஒருவரின் வரலாறு அறியத்தக்கதே.

மிர்ரா 1878 பிப்ரவரி 21-இல் பிறந்தார். தந்தையார் மொரீசு அல்பாசா துருக்கி நாட்டு யூதர், வங்கித் தொழிலர். தாயார் மத்தில்து எகிப்து நாட்டினர். மிர்ரா பிறப்பதற்கு முந்தைய ஆண்டிலேதான் அக்குடும்பம் எகிப்திலிருந்து பிரான்சில் குடியேறியது. தாயார் கடவுள் நம்பிக்கை அற்றவர். கண்ணுக்குத் தெரியாத எதையும் ஏற்காதவர். தம் மக்கள் உலகில் எவர்க்கும் பின்தங்கலாகாது என்ற ஒரே உறுதியோடு வளர்த்தவர். அண்ணன் மத்தேயோ பெரிய பொறியியல் கல்லூரியில் பயின்று, பிற்காலத்தில் ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு ஆட்சிப் பகுதியின் ஆளுநராக உயர்ந்தார். இத்தகைய வீட்டில்தான் ஐந்து அகவைச் சிறுமி தனக்கென்று செய்யப்பட்ட சிறு நாற்காலியில் அமர்ந்து, தலைக்கு மேல் ஓர் ஒளி நிற்பதை உணர்ந்ததாகப் பின்னாளில் நினைவு கூர்ந்தார். இதைத் தாயாரிடம் சொல்ல வழியில்லை. சொல்லியிருந்தால் மருத்துவரை அழைத்திருப்பார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று அகவையில் ஓராண்டு அளவும் இரவுதோறும் ஒரு காட்சி வந்ததாம். தம் உடலை விட்டெழுந்து, பொன்னிற ஆடை நகரையே மூடும்படி நீண்டு விரிய, துன்புற்றோரும் நோயுற்றோரும் அதனைத் தொட்டு ஆறுதல் பெற்றுச் செல்வதாக அக்காட்சி. அதனை மெய்யென்றோ கற்பனையென்றோ தீர்ப்பிடுவது நம் வேலையன்று. ஒரு சிறுமி கண்ட கனவில் தனக்கென்று எதையும் கேளாமல் பிறர் துயரே நிறைந்திருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

ஓவியக் கல்வியைச் சூலியன் கலைக்கூடத்தில் பெற்றார். 1897-இல் ஓவியர் ஆன்றி மொரிசேயை மணந்தார். அடுத்த ஆண்டு ஆந்திரே என்னும் மகன் பிறந்தான். 1903 முதல் மூன்றாண்டுகள் இவர் ஓவியங்கள் பாரிசின் பெருங்கண்காட்சியில் இடம்பெற்றன. பேரறிஞர்களும் கலைஞர்களும் சூழ்ந்த வாழ்க்கை. ஆயினும் தம்முள் நிகழ்வன யாவை என்று விளக்குவார் அங்கு ஒருவரும் இலர். விவேகானந்தரின் இராசயோக நூல் கைக்கு வந்தபோதும், பகவத்கீதையின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ஒன்று கிடைத்தபோதும், தேடியது கிடைத்தவர்போல் அவற்றைப் பற்றிக்கொண்டார்.

அக்காலத்து ஐரோப்பாவின் நிலையை ஒரு சொல் இங்கே கூறுதல் வேண்டும். அறிவியல் ஓங்கி, கோயில் தளர்ந்த அக்காலத்தில் படித்தவர் பலர் மறைஞானத்தை நாடினர். 1875-இல் நியூயார்க்கில் தோன்றிய பிரம்மஞான சபை 1882-இல் நம் அடையாற்றுக்கே வந்து தலைமையிடம் அமைத்ததும் அவ்வலையின் ஒரு பகுதிதான். அச்சபையை நிறுவிய பிளாவட்ஸ்கி அம்மையார் நிகழ்த்தியதாகச் சொல்லப்பட்ட அற்புதங்கள் மோசடி என்று 1885-இல் இலண்டன் ஆராய்ச்சிக் கழகம் ஒன்று அறிக்கை வெளியிட்டதையும் மறக்கலாகாது. மறைஞானம் என்ற பெயரில் மெய்யும் பொய்யும் கலந்து விற்ற காலம் அது. பில்லி சூனியம் என்று நாம் அஞ்சி ஒதுக்கும் இழிவித்தை வேறு. ஐம்பொறிக்கு எட்டாத உலகங்களையும் ஆற்றல்களையும் ஒழுங்காக ஆராய்ந்து கையாளுவதாகச் சொல்லிக்கொண்ட இந்த மறைஞானம் வேறு. இரண்டுக்கும் இடையே வேலி மிக மெல்லியது என்பதுதான் இடர்.

மிர்ராவுக்கு அத்துறையில் ஆசிரியராக வாய்த்தவர் மாக்ஸ் தியோன். போலந்து நாட்டு யூதர் என்று கருதப்படும் அவர், அல்சீரியாவில் தெலெம்சென் என்னும் ஊரில், மலைச்சரிவில் ஒலிவ மரங்களுக்கிடையே தம் மனைவி ஆல்மாவுடன் வாழ்ந்தார். அவர்தம் கொள்கையைப் பரப்பப் பாரிசில் ஒரு திங்களிதழும் ஒரு குழுவும் இருந்தன. அண்ணனின் நண்பர் ஒருவர் வழியாக மிர்ராவுக்கு அக்குழுவின் தொடர்பு ஏற்பட்டது. 1906-லும் 1907-லும் தெலெம்செனுக்கே சென்று தங்கிப் பயின்றார். உடலை அசைவற்ற துயிலில் கிடத்திவிட்டு, உள்ளுடல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேன்மேல் உலகங்களுக்குச் செல்லும் பயிற்சி அங்கு நடந்தது. அத்துறையில் ஆல்மாவின் திறம் கணவரினும் மிக்கது என்று மிர்ரா கூறுவார். படுத்திருக்கும் ஆல்மா அம்மையார் நினைத்த அளவில் காலணிகள் தாமே நகர்ந்து வந்து கால்களில் பொருந்தியதைத் தாம் கண்டதாகப் பின்னாளில் ஆசிரமப் பிள்ளைகளுக்குக் கதைபோல் சொல்லியிருக்கிறார்.

ஒருமுறை மிர்ரா அத்துயில்நிலையில் இருந்தபோது, உயிரைக் காக்கவும் போக்கவும் வல்ல மந்திரம் ஒன்றைக் கண்டார். அதனைச் சொல்லுமாறு தியோன் வற்புறுத்தினார். மிர்ரா மறுத்தார். தியோனின் சினத்தால் உடலையும் உயிரையும் இணைக்கும் இழை அறுந்து, மரணத்தின் வாயிலுக்கே போய், தம் மனவலிமையாலும் தாம் அறிந்த வித்தையாலும் மீண்டதாக மிர்ரா கூறியுள்ளார். மற்றொருமுறை தியோனுடன் கப்பலில் வரும்போது புயல் எழ, தியோன் பணித்தபடி உடலை விட்டு வெளியேறி, அலைகளின் மேல் ஆடிய சிற்றுருக்களைக் கெஞ்சி அமைதிப்படுத்தியதாகவும் சொன்னார். இவற்றுக்கெல்லாம் அவர் சொல்லன்றி வேறு சான்று இல்லை. நம்புவோர் நம்புக. ஆனால் முதல் நிகழ்ச்சியில் ஒன்று கருதத்தக்கது. வாழ்வு சாவு இரண்டையும் ஆளும் சொல் கைக்கு வந்தபோது, அதை ஆசை கொண்ட ஆசானிடம் கொடுக்க மறுத்த பெண்மணிக்கு அகவை இருபத்தெட்டு, இருபத்தொன்பது.

தியோனிடம் அவர் பெற்றவற்றுள் நிலைத்து நின்றவை இரண்டு. மனிதனுள் தெய்வம் உறைகிறது, அதனைத் தேடி வானுக்குப் போக வேண்டா என்பது ஒன்று. அத்தெய்வம் இம்மண்ணிலேயே, இவ்வுடலிலேயே வெளிப்பட வேண்டும் என்பது மற்றொன்று. வித்தைகளைப் பின்னாளில் ஒதுக்கியும் இவ்விரண்டையும் அவர் விடவில்லை. 1908-இல் மொரிசேயைப் பிரிந்தார். 1911-இல் வழக்கறிஞரும் மெய்யியல் ஆர்வலருமான போல் ரிஷாரை மணந்தார்.

இனி நம் புதுவைக்கு வருவோம். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் ஓராண்டு சிறையிருந்து விடுதலை பெற்ற அரவிந்தர் 1910 ஏப்ரல் 4-இல் துய்ப்ளே என்னும் கப்பலில் புதுவை வந்து இறங்கினார். பாரதியாரும் மண்டயம் சீனிவாசாச்சாரியாரும் ஏற்கெனவே இங்கிருந்தனர், வ.வே.சு. ஐயர் அவ்வாண்டிலேயே பின்னர் வந்து சேர்ந்தார். பிரெஞ்சு மன்றத்துக்குரிய புதுவைத் தேர்தல் பணிக்காக அதே 1910-இல் வந்த ரிஷார் அரவிந்தரைக் கண்டு பேசிச் சென்றார். பின்னர்த் தாமே தேர்தலில் நிற்க எண்ணி மனைவியுடன் மீண்டும் வந்தார். 1914 மார்ச்சு 29-ஆம் நாள் பிற்பகல் மூன்றரை மணிக்கு மிர்ரா அரவிந்தரை முதன்முதலாகக் கண்டார். தம் காட்சிகளில் பல்லாண்டுகள் கண்டு, கண்ணன் என்று பெயரிட்டு வைத்திருந்த உரு இவரே என்று அந்நொடியே அறிந்தார். தேர்தலில் ரிஷார் தோற்றார். ஆனால் அவ்வாண்டு ஆகத்து 15-இல் மூவரும் சேர்ந்து ‘ஆர்யா’ என்னும் மெய்யியல் திங்களிதழைத் தொடங்கினர். உலகப்போர் மூண்டதால் 1915 பிப்ரவரியில் தம்பதியர் பிரான்சுக்குத் திரும்ப நேர்ந்தது. பின் நான்காண்டுகள் சப்பான். 1920 ஏப்ரல் 24-இல் மிர்ரா புதுவைக்கு மீண்டார். ரிஷார் பிரிந்து சென்றார். அதன்பின் தம் இறுதிவரை மிர்ரா இவ்வூரை விட்டு நீங்கவில்லை.

அவர் வந்த மறு ஆண்டின் இறுதியில், பிரான்சுவா மர்த்தேன் வீதியில் அரவிந்தர் குடியிருந்த வீட்டில் ஒரு விந்தை நிகழ்ந்தது. மாலைதோறும் வீட்டினுள் கற்கள் விழலாயின. முதலில் சிறு கற்கள், பின்னர்ப் பெரியவை; பூட்டிய அறைக்குள்ளும் விழுந்தன. பார்க்க வந்த காவலர் தம் கால்களுக்கு ஊடே ஒரு கல் பாயக் கண்டு திரும்பிப் பாராமல் போனார் என்பர். நீக்கப்பட்ட சமையற்காரன் ஒருவன் சூனியக்காரனை ஏவினான் என்றும், வேலைக்கு இருந்த சிறுவனைச் சுற்றியே கற்கள் விழுவதைக் கண்ட மிர்ரா அவனை வேறிடம் அனுப்பி அதை நிறுத்தினார் என்றும் ஆசிரமத்தார் எழுதி வைத்துள்ளனர். தமிழ்நாட்டில் இத்தகைய கல்லெறிக் கதை இல்லாத ஊர் இல்லை. எனவே இதை நான் பெரிதாகக் கொள்வதில்லை. புதுவை மக்கள் வாயில் அவர் முதலில் ‘மந்திரம் தெரிந்த வெள்ளைக்காரி’யாக நுழைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இவர் வாழ்க்கையின் உச்சம் என்று நான் கருதுவது அதற்குச் சில ஆண்டுகள் பின்னரே வருகிறது. 1926 நவம்பர் 24-ஆம் நாள் அரவிந்தர் தம் தவத்தில் ஒரு பெரும்படியைக் கடந்தார் என்று அறிவிக்கப்பட்டது. அன்று உடனிருந்த அடியார் இருபத்துநால்வர். அதன்பின் அரவிந்தர் தனியறை புகுந்தார். அடியார் பொறுப்பு முழுவதும் மிர்ராவிடம் வந்தது. அன்றுமுதல் அவர் அன்னை ஆனார். தொடர்ந்த சில மாதங்களில் ஆசிரமத்தில் வியத்தகு காட்சிகள் பெருகின. தேவர் ஒவ்வொருவரும் இறங்கி வந்து அடியார் ஒவ்வொருவருடனும் பொருந்தத் தொடங்கினர் என்றும், அற்புதங்கள் நாள்தோறும் நிகழ்ந்தன என்றும் அவர்கள் எழுதியுள்ளனர். அன்னை நடந்ததை அரவிந்தரிடம் உரைத்தார். அரவிந்தர் தந்த விடையின் சாரம் இது: இவ்வழியே சென்றால் உலகையே வியக்கச் செய்யலாம், பெரும்புகழ் எய்தலாம், புதியதொரு சமயமே தோன்றலாம், ஆனால் அது தேவர் உலகத்து ஆக்கம், நாம் நாடிய உண்மையன்று. அன்னை மறுமொழி பேசாமல் தம் அறைக்குச் சென்று அமர்ந்தார். அரைமணி நேரத்திற்குள் அவ்வாக்கம் முழுவதையும் தாமே கலைத்துவிட்டார். அற்புதங்கள் நின்றன. மறுநாள் முதல் ஆசிரமத்தில் சமையலும் துவையலும் கணக்கெழுதுதலும் தோட்ட வேலையும்தான்.

ஆற்றல் வந்து சேர்வது அரிது. வந்ததைக் கீழே வைப்பது அதனினும் அரிது. இதனைத் தமிழ்ச் சமணர் நன்கறிவர். சிலப்பதிகார நாடுகாண் காதையில் கவுந்தியடிகளுக்குச் சாரணர் அறமுரைத்து நிலத்தை விட்டு ஒரு முழம் எழுகின்றனர். வானில் செல்லும் ஆற்றல் அவர்க்குத் தவத்தால் வந்தது. ஆனால் அவர்கள் உரைத்தது வினையின் வலிமையையும் அருகன் பெருமையையுமே, பறக்கும் வித்தையை அன்று. அதே காதையில், கோவலனையும் கண்ணகியையும் இழித்துப் பேசிய இருவரை அடிகள் நரியாகுமாறு சபிக்கிறார். தவத்தோர்க்கும் ஆற்றல் ஒரு கணம் சினத்தின் கைப்படும் என்பதற்கு அதனினும் தெளிவான காட்சி தமிழில் இல்லை. கோவலனும் கண்ணகியும் நடுங்கி வேண்டிக்கொள்ள, பன்னிரண்டு திங்களில் சாபம் நீங்குமாறு அடிகள் அருளுகிறார். இருத்திகள் தவத்தின் வழியில் உதிரும் பூக்கள். அவற்றைப் பொறுக்க நின்றவன் ஊர் போய்ச் சேரான் என்பது நம் ஆசிரியர்கள் வழிவழியாகச் சொல்லி வந்தது. அன்னையும் பிற்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதையே வேறு சொற்களில் கற்பித்தார். அச்சமும் ஆசையும் அறாதவர் மறைஞானத்தைத் தொடலாகாது. உள்ளத்தூய்மை முன்னே, ஆற்றல் பின்னே என்பது அவர் கொள்கை.

தெய்வத்தன்மையை அவர் தேடிய இடம் வேலை. அடியார் தொகை நூற்றைம்பதைக் கடந்த முப்பதுகளிலேயே அடுமனை, பால்பண்ணை, தையற்கூடம், தச்சுக்கூடம், பின்னர் அச்சகம் என ஆசிரமம் ஓர் ஊராக விரிந்தது. ஒவ்வொன்றின் கணக்கும் நாள்தோறும் அவர் கண்முன் வந்தது. கலங்கழுவுவோர் அதனைப் பூசையாகச் செய்ய வேண்டும். பொருளையும் கருவியையும் உயிருள்ளவைபோல் மதிக்க வேண்டும் என்பார். ஐதராபாத்துத் திவான் அக்பர் ஐதரி பெற்றுத்தந்த பொருளுதவியால் 1937-இல் கட்டத் தொடங்கிய ‘கோல்கொண்டே’ விடுதியை இன்றும் கட்டடக்கலை மாணவர் வந்து கண்டு செல்கின்றனர். செக்கு நாட்டில் பிறந்த அந்தோனின் ரேமண்டு வரைந்த அக்கற்காரைக் கட்டடத்தை எழுப்பியவருள் அடியார்களும் அடங்குவர். ஆசிரம உணவுக்கூடத்தில் புலால் இல்லை. நம்மவர்க்கு அது மகிழ்ச்சி தரும் செய்தியே. ஆயினும் அவர் புலால் மறுத்தலை நம்மைப்போல் கொல்லாமையின் வேராகக் கொண்டு வற்புறுத்தியவர் அல்லர். இரண்டாம் உலகப்போரில் அரவிந்தரும் அவரும் நேசநாடுகளின் பக்கம் வெளிப்படையாக நின்று 1940-இல் போர்நிதியும் அளித்தனர். இட்லரை அசுர ஆற்றல் ஆட்கொண்டிருக்கிறது என்று அவர்கள் கருதினர். அகிம்சையே தலையாய அறம் எனக் கொண்ட நாம் இங்கு அவர்களை விட்டு விலகி நிற்கிறோம்.

1943 டிசம்பர் 2-இல் இருபது பிள்ளைகள் அளவில் தொடங்கிய பள்ளி, 1952-இல் பல்கலைக்கழக மையமாக வளர்ந்தது. அங்குப் பட்டம் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடைத்தாள் திருத்திய எனக்கு இது முதலில் விளையாட்டாகவே தோன்றியது. பிள்ளையின் உள்ளிருப்பது தானே மலர வேண்டும், ஆசிரியன் வெளியிலிருந்து திணிக்கலாகாது என்னும் கொள்கையைப் பட்டிமன்றத்தில் பேசுவது எளிது. அதற்காகச் சான்றிதழையே கைவிடுவது எளிதன்று. உடற்பயிற்சிக்கும் அவர் பேரிடம் தந்தார். பெண்பிள்ளைகள் காற்சட்டையணிந்து திடலில் ஓடுவதைக் கண்டு ஊர் முகஞ்சுளித்த காலத்தில், எண்பதை நெருங்கிய அவரே மாலைதோறும் டென்னிசு ஆடினார். பூக்கள் எண்ணூற்றுக்கு மேற்பட்டவற்றுக்குப் பண்புப் பெயர்கள் சூட்டினார். சமாதிக்கு நிழல் தரும் இயல்வாகைக்கு அவர் இட்ட பெயர் தொண்டு.

இவையெல்லாம் இருந்தும் புதுவைத் தமிழர்க்கும் ஆசிரமத்துக்கும் இடையே ஒரு வெளி இருந்தது. அமுதர் போன்ற தமிழர் அன்னையின் உள்வட்டத்திலேயே இருந்தனர். சுத்தானந்த பாரதியார் அங்குப் பல்லாண்டு தவமிருந்து பாடினார். எனினும் ஆசிரமத்தில் ஒலித்தவை பெரிதும் பிரெஞ்சும் ஆங்கிலமும் வங்கமும் இந்தியும் குசராத்தியும்தான். ஊரில் வீடுகள் ஒவ்வொன்றாக ஆசிரமத்தின் கைக்குப் போவதையும் மக்கள் கண்டனர். 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழகம் கொதித்தபோது, பிப்ரவரி 11-இல் புதுவையில் கூட்டத்தினர் ஆசிரமக் கட்டடங்கள் மீது கல்லெறிந்து தீயும் வைத்தனர். பிரெஞ்சு ஆட்சி நீங்கி இந்தியாவுடன் இவ்வூர் இணைவதை வரவேற்றவர், 1954-லேயே இந்தியக் குடியுரிமையும் தமக்கு வேண்டும் என்று வெளிப்படையாக விழைந்தவர் அன்னை. அவரை அயலாராகவே பலர் கண்டனர் என்றால், தவறு ஒரு பக்கத்தில் மட்டும் இருந்திருக்க முடியாது.

1950 டிசம்பர் 5-இல் அரவிந்தர் மறைந்தபின் இருபத்துமூன்று ஆண்டுகள் அன்னை தனித்துப் பணி நடத்தினார். 1968 பிப்ரவரி 28-இல் 124 நாடுகளின் மண்ணையும் இந்திய மாநிலங்களின் மண்ணையும் தாமரை மொட்டு வடிவக் கலத்தில் இட்டு ஆரோவில் நகரம் தொடங்கப்பட்டது. அப்போது அவருக்கு அகவை தொண்ணூறு. 1962 முதல் அவர் மேல்தளத்து அறையை விட்டு இறங்கவில்லை. அங்கிருந்தபடி அவர் செய்ததாகக் கூறிய தவம் விந்தையானது. உயிர் தெய்வமாவது போதாது. உடலின் ஒவ்வோர் அணுவும் தெய்வத்தன்மை பெற்று, மரணம் என்னும் பழைய வழக்கத்தை விட வேண்டும் என்றார். அத்தவத்தின் நாட்குறிப்பாக அவர் பேசியவற்றைச் சத்பிரேம் என்னும் அடியார் பதிவு செய்தார். அவை பதின்மூன்று தொகுதிகளாக வெளிவந்துள்ளன. அவற்றில் வெற்றி முழக்கம் குறைவு. வலி, தளர்ச்சி, ஐயம், மீண்டும் முயற்சி என்பனவே மிகுதி. 1973 நவம்பர் 17-ஆம் நாள் மாலை அவர் உயிர் நீத்தார். அவர் இறவார் என்று நம்பியிருந்த அடியார் பலர் அன்றிரவு நிலைகுலைந்தனர். உடல் தெய்வமாதல் நிறைவேறவில்லை; இதை மறைத்துப் பேசுவது அவர் நேர்மைக்கே இழுக்காகும்.

அவர் கொள்கையும் நம் கொள்கையும் ஒன்றுபடும் இடமும் வேறுபடும் இடமும் இங்கே தெளிவாகும். ஒவ்வோர் உயிரும் பிறவிதோறும் வளர்ந்து தன்னுள் மறைந்துள்ள நிறைவை அடையும் என்பதில் இருவர்க்கும் உறவுண்டு. ஆனால் அவர்க்கு அந்நிறைவு பாதி முயற்சியாலும் பாதி மேலிருந்து இறங்கும் அருளாலும் வருவது. நமக்கு முழுதும் உயிரின் முயற்சியே. அருகன் உடலோடிருந்தே கேவலஞானம் பெறுகிறான். எனினும் உடல் வினையால் வந்தது, வினை முற்றும் தீர்ந்த அன்று அதுவும் கழன்று, உயிர் சித்தனாய் உலகின் உச்சியில் நிற்கும் என்பது நம் துணிவு. அன்னைக்கோ உடலை விட்டுப் பெறும் வீடு பாதி வெற்றியே. கழற்ற வேண்டிய சட்டை என்று நாம் கொள்வதை, வெளுத்து ஒளிபெறச் செய்ய வேண்டிய சட்டை என்று அவர் கொண்டார். அவர் உடலும் மண்ணுக்கே சென்றது என்பதைச் சுட்டி வெற்றி கொண்டாட எனக்கு விருப்பமில்லை. தொண்ணூற்றைந்து அகவையில், படுக்கையில், ஓர் உறுப்பு ஒரு நாள் இயங்காவிடினும் அதனோடு பேசிப் பழக்க முயன்ற அவ்வுறுதி சல்லேகனை நோற்பாரின் உறுதிக்கு இளைத்ததன்று. திசைதான் நேர் எதிர்.

பணிக்காலத்தில் ஒருமுறை மாணவரை அழைத்துச் சென்றபோது, சமாதியருகே ஒரு பெண்பிள்ளை காதோடு கேட்டாள்: இவர் மனிதரா, சாமியா என்று. நான் விடை தேடுமுன் அங்கிருந்த தொண்டர் ஒருவர் வாயில் விரல் வைத்து அமைதி காக்கச் சொல்லிவிட்டார். அவ்வினா நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை வேறு வடிவில் போனது பலர்க்குத் தெரியாது. அன்னையின் மறைவுக்குப்பின் ஆரோவில் நிர்வாகத்தில் பூசல் எழுந்து, 1980-இல் நடுவணரசு சட்டம் இயற்றிப் பொறுப்பேற்றது. அரவிந்தர் நெறி ஒரு சமயம். அதன் நிறுவனத்தில் அரசு தலையிடலாகாது என்று வழக்கு வந்தது. 1982-இல் நீதிபதிகளுள் பெரும்பான்மையோர் அது சமயமன்று என்று தீர்ப்பளித்தனர். புதிய சமயம் தோன்றலாகாது என்றுதான் அன்னை 1926-ஆம் ஆண்டுக்குப்பின் அந்த அற்புத உலகைக் கலைத்தார். அரை நூற்றாண்டு கழிந்து அதையே நீதிமன்றம் ஆராய நேர்ந்தது.

ஆனால் மக்கள் நீதிமன்றத்தைக் கேட்டு வணங்குவதில்லை. புதுவையிலும் தமிழகத்தின் பல ஊர்களிலும் அன்னையின் படத்துக்கு மலரிட்டு, தேர்வுக்கும் திருமணத்துக்கும் நோய்க்கும் வேண்டுவோர் இன்று மிகப் பலர். எல்லாருள்ளும் உறைவதாக அவர் கூறிய தெய்வம் ஒருவர் படத்தில் மட்டும் குடியேறிவிட்டது. இதில் அவர்களைக் குறைகூற நமக்கு உரிமை குறைவு. வேண்டுதல் வேண்டாமை இல்லாத அருகன் திருமுன் நின்று வரம் கேட்போர் நம் கோயில்களிலும் இல்லாமல் இல்லை.

அன்னை ஆரோவிலின் நடுவே எழுப்பக் கருதிய மாத்ருமந்திருக்கு 1971 பிப்ரவரி 21-இல், அவருடைய தொண்ணூற்றுமூன்றாம் பிறந்தநாளன்று, அடிக்கல் இடப்பட்டது. அது நிறைவுற்றது 2008-இல். அதன் உள்ளறை எவ்வாறிருக்க வேண்டும் என்று அவரே விளக்கியிருந்தார். வெண்ணிறச் சுவர்கள், பன்னிரண்டு தூண்கள், நடுவே எழுபது சென்டிமீட்டர் குறுக்களவுள்ள படிகக் கோளம்; கூரைவழியே இறங்கும் கதிரவன் ஒளிக்கற்றை ஒன்று அதன்மீது படும். மலர் கூடாது, ஊதுவத்தி கூடாது, இசை கூடாது, சடங்கு கூடாது. அங்கே அவருடைய படமும் இல்லை.